ஒரே பெயர், பல ஃபங்ஷன்: எஸ்க்யூஎல் ஓவர்லோடிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸில் நாமே எழுதும் ஃபங்ஷன்களுக்கு (கொடுப்பதை வாங்கி விடை தரும் சின்ன நிரல்கள்) ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப வைப்பது பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பதில்களில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் அதிகம் வரும். நான் தினமும் புழங்குவது அது என்பது ஒரு காரணம். ஓவர்லோடிங் தாராளமாக அனுமதிக்கப்பட்டிருப்பதும், அதனால் அடி வாங்குகிறவர்கள் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

ஓவர்லோடிங் என்றால் என்ன?

நம்மூரில் ஓவர்லோடு என்றதும் மணல் லாரி ஞாபகம் வரும். இது அந்த ஓவர்லோடு இல்லை. பள்ளிக்கூடத்தில் 'பலபொருள் ஒருசொல்' என்று படித்திருப்பீர்கள். 'படி' என்றால் மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா, பாடத்தைப் படி என்கிற ஏவலா என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் சொல்லும். அதே மாதிரி, வட்டி என்ற பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருந்தால், அடைப்புக்குறிக்குள் நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்பதைப் பார்த்து எதை ஓட்டுவது என்று டேட்டாபேஸ் முடிவு செய்கிறது. கொடுத்த ஆர்குமென்ட்கள் (உள்ளே அனுப்பும் மதிப்புகள்) எத்தனை, என்னென்ன டைப் (எண்ணா, எழுத்தா, தேதியா) என்பதே அதற்குக் கிடைக்கும் தடயம்.

எல்லா டேட்டாபேஸிலும் இது உண்டா?

இல்லை. போஸ்ட்கிரெஸில் உண்டு, டிபி2-வில் உண்டு, ஸ்னோஃப்ளேக்கிலும் உண்டு. ஆரக்கிளில் பேக்கேஜுக்குள் (பல ஃபங்ஷன்களை ஒன்றாகக் கட்டி வைக்கும் தொகுப்பு) உண்டு, தனியாக நிற்பவற்றுக்கு இல்லை. எஸ்க்யூஎல் சர்வரிலும் மைஎஸ்க்யூஎல்லிலும் கிடையாது. எஸ்க்யூலைட் ஒரு தனி ரகம். ஒவ்வொன்றையும் கீழே பார்க்கலாம்.

இரண்டு ஃபங்ஷன்கள் வேறு வேறு என்று போஸ்ட்கிரெஸ் எதை வைத்துச் சொல்கிறது?

ஸ்கீமா (டேபிள், ஃபங்ஷன்களைப் பிரித்து வைக்கும் பெட்டி), பெயர், உள்ளே போகும் ஆர்குமென்ட்களின் டைப் வரிசை. இந்த மூன்றுதான். ஃபங்ஷன்கள் எல்லாம் பதிவாகும் பிஜி_புராக் என்ற கேட்டலாகில், அதாவது உள் பதிவேட்டில், இந்த மூன்றின் மேல்தான் யூனிக் இன்டெக்ஸே (ஒன்றுபோல் இரண்டு வராமல் தடுப்பது) இருக்கிறது.

எவையெல்லாம் கணக்கில் வராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். திருப்பித் தரும் டைப் கணக்கில் வராது. ஒரே ஆர்குமென்ட்களோடு ஒன்று இன்டீஜரையும் (முழு எண்) இன்னொன்று டெக்ஸ்டையும் (எழுத்து) திருப்பித் தரும்படி எழுத முடியாது. பாராமீட்டரின், அதாவது ஃபங்ஷனுக்குள் ஆர்குமென்ட்டை வாங்கும் இடத்தின், பெயர் வராது. ஃபங்ஷனின் அவுட் பாராமீட்டர்களும் (விடையை வெளியே தருபவை) வரா. எழுத்துகளுக்கான வார்ச்சார் டைப்பை வார்ச்சார் 10, வார்ச்சார் 20 என்று நீளத்தை மாற்றி எழுதினாலும் போஸ்ட்கிரெஸ் அந்த எண்ணைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டையும் வெறும் வார்ச்சாராகத்தான் பார்க்கும். தசம எண்ணுக்கான நியூமெரிக் 10,2 என்பதற்கும் இதே கதிதான்.

'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' (இல்லையென்றால் உருவாக்கு, இருந்தால் மாற்று) கொடுத்தேன். ஓடியது. ஆனால் பழைய கணக்குதான் வருகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். தெரிந்து செய்த ஓவர்லோடால் யாரும் பெரிதாகக் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை. நமக்கே தெரியாமல் உருவாகிவிட்ட ஓவர்லோடுதான் ஆளைப் படுத்துகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்தது. வட்டி என்று ஒரு ஃபங்ஷன். முதல் பாராமீட்டர் தொகை, நியூமெரிக். இரண்டாவது நாள், இன்டீஜர். ஆண்டு வட்டி 12 சதவீதம் என்று உள்ளேயே எழுதியிருந்தது. பிறகு வட்டி 10.5 சதவீதமாகக் குறைந்தது. அதோடு அரை நாளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்றார்கள். எங்களில் ஒருவர் நாள் பாராமீட்டரை நியூமெரிக் ஆக்கினார், சதவீதத்தை மாற்றினார், கிரியேட் ஆர் ரீப்ளேஸ் கொடுத்தார். திரையில் 'கிரியேட் ஃபங்ஷன்' என்று வந்தது. வேலை முடிந்தது என்று எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டோம்.

ஆனால் அங்கே எதுவும் ரீப்ளேஸ் ஆகவில்லை. இரண்டாவது பாராமீட்டரின் டைப் மாறியதால் போஸ்ட்கிரெஸ் அதைப் புதிய ஃபங்ஷனாக எடுத்துக்கொண்டது. பழையது அப்படியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மாற்றினாலும் சரி, புதிதாக உருவாக்கினாலும் சரி, திரையில் வரும் பதில் ஒன்றேதான் என்பதால் கண்டுபிடிக்கவும் வழியில்லை.

ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 நாள் வட்டி 394 ரூபாய் 52 காசு என்றும், 12.5 நாள் வட்டி 359 ரூபாய் 59 காசு என்றும் ஓர் அறிக்கையில் அடுத்தடுத்த வரியில் வந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். முழு நாளாக இருந்தால் ஆர்குமென்ட் இன்டீஜராகப் போகிறது, பழைய ஃபங்ஷனோடு அச்சு அசலாகப் பொருந்துகிறது, 12 சதவீதம் போடுகிறது. அரை நாள் வந்தால் நியூமெரிக், புதிய ஃபங்ஷன், 10.5. நாள் கூடக் கூட வட்டி குறையும் விசித்திரமான கடன்.

செய்ய வேண்டியது இதுதான்: டைப்போ எண்ணிக்கையோ மாறுகிறது என்றால், பழைய சிக்னேச்சரை, அதாவது பெயரையும் டைப் வரிசையையும், சொல்லி முதலில் டிராப் (நீக்குவது), அப்புறம் கிரியேட். இரண்டும் ஒரே டிரான்ஸாக்ஷனுக்குள், அதாவது ஒன்று தவறினால் இரண்டுமே நடக்காதபடி. ஆர் ரீப்ளேஸ் என்பதை ஃபங்ஷனின் உடம்பு மட்டும் மாறும்போது வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், திருப்பித் தரும் டைப்பையோ பாராமீட்டரின் பெயரையோ மாற்றினால் போஸ்ட்கிரெஸ் 'முடியாது, முதலில் டிராப் பண்ணு' என்று சத்தம் போடும். உள்ளே போகும் டைப்பை மாற்றினால்தான் வாயே திறக்காது.

அப்படித் தவறுதலாக உருவான புதிய ஃபங்ஷனுக்குப் பழையதன் அனுமதிகள் வருமா?

வராது. இதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. உண்மையிலேயே ரீப்ளேஸ் ஆனால் உரிமையாளரும் அனுமதிகளும் அப்படியே இருக்கும். புதிய சிக்னேச்சர் என்றால் எல்லாம் முதலிலிருந்து. போஸ்ட்கிரெஸில் புதிய ஃபங்ஷனை ஓட்டும் உரிமை வழக்கமாகவே பப்ளிக்குக்கு, அதாவது எல்லாருக்கும் உண்டு. பழைய ஃபங்ஷனிலிருந்து அந்த உரிமையை நீங்கள் கவனமாக ரிவோக் பண்ணியிருந்தாலும் புதியது கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பிறக்கும். செக்யூரிட்டி டிஃபைனர் என்று குறித்த, அதாவது யார் கூப்பிட்டாலும் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும் ஃபங்ஷனாக இருந்தால் விளைவை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பல ஃபங்ஷன் இருக்கும்போது எதை ஓட்டுவது என்று எப்படித் தேர்ந்தெடுக்கிறது?

கொடுத்த டைப்கள் அப்படியே பொருந்தும் ஃபங்ஷன் இருந்தால் அதுதான், பேச்சே இல்லை. இல்லையென்றால் தானாக மாற்றக்கூடிய டைப்களை வைத்துத் தேடும். பல தேறினால், அதிக இடங்களில் அச்சாகப் பொருந்துவதைப் பார்க்கும். அதிலும் சமமானால், ஒவ்வொரு டைப் குடும்பத்துக்கும் ஒரு செல்லப் பிள்ளை உண்டு, அதை எடுக்கும். எண்களில் டபுள் பிரிசிஷன் (தோராயமான தசம எண்), எழுத்துகளில் டெக்ஸ்ட், தேதி நேரத்தில் டைம்ஸோனோடு வரும் டைம்ஸ்டாம்ப் (தேதியும் நேரமும் சேர்ந்தது). அதற்கும் மேல் முடியவில்லை என்றால் 'இஸ் நாட் யூனிக்' என்று முடியும் எரரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

இந்தச் செல்லப் பிள்ளை விவகாரம் ஏதோ தியரி இல்லை. தேதியை மாதம், ஆண்டு அளவுக்கு வெட்டித் தரும் டேட்_ட்ரங்க் ஃபங்ஷனுக்கு வெறும் தேதியைக் கொடுத்து மாதத்தின் முதல் நாளை வாங்கிப் பாருங்கள். டேட் டைப்பை நேரடியாக வாங்கிக்கொள்ளும் வடிவம் அதில் இல்லை. டைம்ஸோன் இல்லாத டைம்ஸ்டாம்ப், உள்ள டைம்ஸ்டாம்ப் இரண்டுக்கும் தேதி தானாக மாறும். செல்லப் பிள்ளை ஜெயிக்கிறது, விடை டைம்ஸோனோடு வருகிறது. நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் வந்துவிட்டது. செஷனின் டைம்ஸோன் மாறும் இடங்களில் இது ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிவிட்டு விளையாடும்.

ஒரே பெயர், ஒரே எண், ஆனால் விடை வேறு. இப்படி நடக்குமா?

நடக்கும். போஸ்ட்கிரெஸோடு வரும், எண்ணை முழுமையாக்கும் ரவுண்ட் ஃபங்ஷனிலேயே பார்க்கலாம். ரவுண்ட்(2.5) கொடுத்தால் 3 வரும். அதே 2.5-ஐ டபுள் பிரிசிஷனாக காஸ்ட் பண்ணி, அதாவது டைப்பை மாற்றி, கொடுத்தால் பெரும்பாலான கணினிகளில் 2 வரும். வெறும் 2.5 என்று எழுதினால் அது நியூமெரிக். நியூமெரிக் வடிவம் சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பூஜ்யத்திலிருந்து விலகும் பக்கமாகத் தள்ளும். டபுள் வடிவமோ பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். இரண்டும் தனித்தனி ஃபங்ஷன்கள், பெயர் மட்டும் ஒன்று. கணக்குப்பிள்ளைக்கு 50 காசு இடித்தது என்றால் டேபிளில் அந்த நெடுவரிசை என்ன டைப் என்று முதலில் பாருங்கள்.

ரவுண்டில் இரண்டு தசம இடம் கேட்டால் 'அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை' என்கிறதே?

அதுவும் இதே குடும்பம்தான். இரண்டு ஆர்குமென்ட் வாங்கும் ரவுண்ட் நியூமெரிக்குக்கு மட்டும்தான் உண்டு. டபுள் பிரிசிஷன் தானாக நியூமெரிக் ஆகாது. நெடுவரிசையை நியூமெரிக்காக காஸ்ட் பண்ணிக் கொடுத்தால் வேலை முடிந்தது. சிலர் டபுளுக்கும் தாங்களாகவே ஒரு ரவுண்ட் எழுதிப் போட்டுவிடுகிறார்கள். ஓடும்தான். ஆனால் அடுத்து வருபவர் அதைப் போஸ்ட்கிரெஸே கொடுத்தது என்று நினைத்து இன்னொரு சர்வரில் தேடி ஏமாறுவார். அதைவிட காஸ்ட் மேல்.

மேற்கோள் குறிக்குள் '10' கொடுத்தால் இன்டீஜர் வடிவத்துக்குப் போகுமா, டெக்ஸ்டுக்கா?

டெக்ஸ்டுக்கு. மேற்கோளுக்குள் இருப்பதை போஸ்ட்கிரெஸ் உடனே எழுத்து என்று முடிவு கட்டுவதில்லை. 'இன்னும் தெரியாது' என்று ஒரு நிலையில் வைத்திருக்கும். போட்டியில் இருக்கும் ஃபங்ஷன்களில் ஒன்றாவது எழுத்து வகையை வாங்குவதாக இருந்தால் அந்தப் பக்கம் சாயும். இன்டீஜர், டேட் என்று இரண்டு வடிவம்தான் இருக்கிறது என்றால் குடும்பமே வேறு என்பதால் முடிவெடுக்க முடியாமல் எரர்.

நல் (மதிப்பே இல்லை என்பதைக் குறிப்பது) என்று எழுதினாலும் இதே கதை, ஏனென்றால் வெறும் நல்லுக்கும் டைப் கிடையாது. டேட் வடிவமும் டைம்ஸோன் டைம்ஸ்டாம்ப் வடிவமும் இருக்கும்போது '2024-01-15' என்று மேற்கோளில் கொடுத்தால், பார்க்கத் தேதி மாதிரியே இருந்தாலும் டைம்ஸ்டாம்ப்தான் ஓடும். டேட் வேண்டுமென்றால் டேட் என்று சொல்லி காஸ்ட் பண்ணுங்கள். இது கூச்சப்பட வேண்டிய விஷயமில்லை.

பைத்தானிலிருந்து கூப்பிடும்போது மட்டும் சில நேரம் 'நாட் யூனிக்' வருகிறது. பிஜி அட்மினில் (குவெரியை நேராகத் தட்டி ஓட்டும் திரை) வருவதில்லை.

பைத்தானையும் டேட்டாபேஸையும் இணைக்கும் டிரைவர் என்ன டைப் போட்டு அனுப்புகிறது என்று பாருங்கள். சைகோபிஜி 3 என்ற டிரைவர் பைத்தானின் இன்ட்டை எண்ணின் அளவைப் பார்த்து ஸ்மால்இன்ட், இன்டீஜர், பிக்இன்ட், நியூமெரிக் என்று அனுப்பும். உங்களிடம் இன்டீஜருக்கு ஒன்று, பிக்இன்ட்டுக்கு ஒன்று என இரண்டு வடிவம் இருந்து, போன எண் 5 என்றால், அது ஸ்மால்இன்ட்டாகப் போய்ச் சேரும். இரண்டுமே அச்சாகப் பொருந்தாது, இரண்டுக்கும் மாற்றலாம், இரண்டுமே செல்லப் பிள்ளை இல்லை. எரர். பெரிய எண் கொடுத்தால் ஓடும், சின்ன எண் கொடுத்தால் ஓடாது என்றால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? பிஜி அட்மினில் நேராக 5 என்று தட்டினால் அது இன்டீஜர், எனவே பிரச்சினை தெரிவதில்லை.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஸ்மால்இன்ட் வாங்கும் ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதிவிட்டு, 1 என்று கொடுத்துக் கூப்பிட்டால் 'அப்படி ஃபங்ஷன் இல்லை' என்று வரும். இன்டீஜர் தானாகச் சுருங்கி ஸ்மால்இன்ட் ஆகாது. பாராமீட்டருக்கு ஸ்மால்இன்ட் வைத்து மிச்சம் பிடிக்க அங்கே ஒன்றுமில்லை. இன்டீஜரே வையுங்கள்.

ஓவர்லோடுக்குப் பதிலாக டீஃபால்ட் மதிப்பு (ஆர்குமென்ட்டை விட்டுவிட்டால் தானாக எடுத்துக்கொள்வது) கொடுத்தால் போதாதா?

பல இடங்களில் போதும், நல்லதும்கூட. போஸ்ட்கிரெஸில் 8.4 பதிப்பிலிருந்து, அதாவது 2009 முதல், இந்த வசதி இருக்கிறது. எத்தனை ஆர்குமென்ட் வேண்டுமானாலும் வாங்கும் வேரியாடிக்கும் அதே பதிப்பில்தான் வந்தது. இரண்டு ஆர்குமென்ட்டோடும் மூன்றோடும் கூப்பிட வேண்டும், கணக்கு ஒன்றுதான் என்றால் மூன்றாவதுக்கு ஒரு டீஃபால்ட் போட்டு ஒரே ஃபங்ஷனாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டையும் கலக்காதீர்கள். ஓர் இன்டீஜர் வாங்கும் ஃபங்ஷன் ஒன்று, ஓர் இன்டீஜரும் டீஃபால்ட் உள்ள இன்னோர் இன்டீஜரும் வாங்கும் ஃபங்ஷன் ஒன்று, இரண்டும் ஒரே பெயரில். உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் தடுக்காது. ஒரே எண்ணோடு கூப்பிட்டால் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும். பழைய ஃபங்ஷனில் ஒரு டீஃபால்ட் பாராமீட்டர் சேர்த்து ஆர் ரீப்ளேஸ் கொடுப்பவர்களுக்கு மறுநாள் காலையில் வருவது இந்த எரர்தான். என்னைக் கேட்டால் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். எங்கள் வட்டி ஃபங்ஷன் அந்தச் சத்தம்கூடப் போடவில்லை.

ஓவர்லோடிங்கால் பாதுகாப்புக்கு ஆபத்து வருமா?

வந்திருக்கிறது. 2018-இல், பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில், சிவிஇ-2018-1058 என்று பதிவான குறைபாடு இதைப் பற்றியதுதான்.

உங்கள் டேபிளில் பெயர் என்ற நெடுவரிசை வார்ச்சார். குவெரியில், ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தாக்க, லோவர்(பெயர்) என்று எழுதியிருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸோடு வரும் லோவர் வாங்குவது டெக்ஸ்ட். வார்ச்சார் அதற்கு மாறி ஓடும். சரி. இப்போது அதே டேட்டாபேஸில் கணக்கு வைத்திருக்கும் இன்னொருவர், பப்ளிக் ஸ்கீமாவில், வார்ச்சார் வாங்கும் லோவர் ஒன்றைப் போட்டுவைக்கிறார். அடுத்த முறை உங்கள் குவெரி ஓடும்போது அது அச்சாகப் பொருந்துகிறது, எனவே அதுதான் ஓடுகிறது. ஓட்டியவர் நீங்கள் என்பதால் உங்கள் அதிகாரத்தில் ஓடுகிறது. எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் அந்தக் குவெரியை ஓட்டினால் கதை முடிந்தது.

'போஸ்ட்கிரெஸின் சொந்த ஃபங்ஷன்கள் இருக்கும் பிஜி_கேட்டலாக் ஸ்கீமாதானே, ஸ்கீமாக்களைத் தேடும் வரிசையில் முதலில் இருக்கிறது, அது காப்பாற்றாதா?' என்று கேட்பார்கள். ஆர்குமென்ட் டைப்கள் அப்படியே ஒன்றாக இருந்தால் மட்டும்தான் வரிசையில் முதலில் இருப்பது மற்றதை மறைக்கும். டைப்கள் வேறாக இருந்தால் வரிசையில் எங்கே இருந்தாலும் எல்லாம் ஒரே தராசில்தான். அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைகிறார்கள்.

2022-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 15-இல் பப்ளிக் ஸ்கீமாவில் யார் வேண்டுமானாலும் எதையும் உருவாக்கலாம் என்ற பழைய ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். ஆனால் பழைய பதிப்பிலிருந்து அப்கிரேட் ஆகி வந்த டேட்டாபேஸில் பழைய அனுமதி அப்படியே தொடரும், அதைக் கையால்தான் ரிவோக் பண்ண வேண்டும். செக்யூரிட்டி டிஃபைனர் ஃபங்ஷன் எழுதினால் அதற்குள்ளேயே தேடும் வரிசையை செட் பண்ணிவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் வியூவில் (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டிருக்கிறேன். இன்று இன்னும் நன்றாகப் பொருந்தும் ஓவர்லோடு ஒன்று சேர்த்தால் வியூ அதற்கு மாறுமா?

மாறாது. வியூ உருவான நேரத்தில் எந்த ஃபங்ஷன் என்று முடிவானதோ அதன் உள் எண்ணைத்தான் வியூ பிடித்து வைத்திருக்கிறது. பெயரை இல்லை.

போஸ்ட்கிரெஸின் சொந்த நிரல் மொழியான பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லில் எழுதிய ஃபங்ஷனின் உடம்பு அப்படியில்லை. அது வெறும் எழுத்தாகச் சேமிக்கப்பட்டு, ஓடும்போதுதான் அர்த்தம் பார்க்கப்படுகிறது. புதிய ஓவர்லோடு வந்ததும் அது அந்தப் பக்கம் தாவிவிடலாம். ஆக ஒரே கூப்பிடுதலை வியூவிலும் பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல்லிலும் எழுதியிருந்தால், ஓவர்லோடு சேர்த்த அன்றிலிருந்து இரண்டும் வேறு வேறு விடை சொல்ல வாய்ப்பு உண்டு. 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து, எஸ்க்யூஎல் மொழியில் எழுதும் ஃபங்ஷனுக்கு பிகின் அட்டாமிக் என்று உடம்பு எழுதினால் அது வியூ மாதிரி உருவாகும்போதே முடிவாகிவிடும். எனக்கு அந்த நிம்மதி பிடித்திருக்கிறது.

ஆரக்கிளில் எப்படி?

தனியாக நிற்கும் ஃபங்ஷனை ஓவர்லோடு பண்ண முடியாது. அங்கே கிரியேட் ஆர் ரீப்ளேஸ் என்றால் பெயரை மட்டும் பார்த்து உண்மையிலேயே மாற்றும். ஆரக்கிளில் பத்து வருடம் பழகிவிட்டு போஸ்ட்கிரெஸுக்கு வருபவர்கள் முதல் மாதமே வட்டிக் கதையில் மாட்டுவது இதனால்தான்.

பேக்கேஜுக்குள் போனால் ஓவர்லோடிங் தாராளம். பாராமீட்டர்கள் எண்ணிக்கையிலோ வரிசையிலோ டைப் குடும்பத்திலோ வேறுபட்டால் போதும். பாராமீட்டரின் பெயர் மட்டும் வேறாக இருந்தாலும் ஏற்கும், ஆனால் கூப்பிடும்போது பெயர் சொல்லி மதிப்பைக் கொடுக்க வேண்டும். திருப்பித் தரும் டைப் மட்டும் வேறு என்றால் இங்கேயும் முடியாது. இன், அவுட் என்ற திசை மட்டும் மாறினாலும் போதாது. சார், வார்ச்சார்2 இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் அவற்றை வைத்துப் பிரித்தால், பேக்கேஜ் கம்பைல் ஆகும், கூப்பிடும் இடத்தில் பிஎல்எஸ்-00307 என்று அடிக்கும். 'இந்தக் கூப்பிடுதலுக்குப் பொருந்தும் அறிவிப்புகள் அளவுக்கு மேல் இருக்கின்றன' என்று அதற்குப் பொருள். நம்பருக்கு ஒன்று, வார்ச்சார்2-க்கு ஒன்று என்று வைத்துவிட்டு வெறும் நல் அனுப்பினாலும் அதே எண்தான்.

எஸ்க்யூஎல் சர்வரில்?

கிடையாது. ஒரு ஸ்கீமாவில் ஒரு பெயர் ஒருமுறைதான். இரண்டாவது முறை வைத்தால் எரர் 2714. டேபிள், புரொசீஜர், ஃபங்ஷன் எல்லாம் அந்தப் பெயர்ப் பட்டியலைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

டீஃபால்ட் மதிப்பு வைக்கலாம். ஆனால் செலக்ட்டுக்குள் கூப்பிடும்போது அந்த இடத்தை விட்டுவிட முடியாது, டீஃபால்ட் என்ற சொல்லையே எழுத வேண்டும்: டிபிஓ.வட்டி(100000, டீஃபால்ட்) என்கிற மாதிரி (டிபிஓ என்பது ஸ்கீமாவின் பெயர்). அதாவது புதிதாக ஒரு பாராமீட்டர் சேர்த்தால் பழைய குவெரிகள் எல்லாம் உடையும். பாராமீட்டரை எக்ஸ்எம்எல் ஆகவோ, பல டைப்களை வாங்கும் எஸ்க்யூஎல்_வேரியன்ட் ஆகவோ வைத்துச் சுற்றி வளைக்கும் வழிகள் உண்டு. நான் பரிந்துரைப்பது சாதாரணமாகப் பெயரையே மாற்றுவது: வட்டி_நாள், வட்டி_மாதம். படிப்பவருக்கும் அதுதான் புரியும்.

பழைய குறியீடுகளில் ஒரே பெயருக்குப் பின்னால் அரைப்புள்ளி போட்டு 1, 2 என்று எண் வைத்த புரொசீஜர்களைப் பார்த்தால் ஓவர்லோடு என்று நினைத்துவிடாதீர்கள். எந்த எண் என்று கூப்பிடுபவர்தான் சொல்ல வேண்டும். அந்த வசதியே கைவிடப்படப் போகும் பட்டியலில் இருக்கிறது.

மைஎஸ்க்யூஎல்லில்?

இல்லை. ஒரு டேட்டாபேஸுக்குள் ஒரு பெயரில் ஒரு ஃபங்ஷன். மறுபடி உருவாக்கினால் எரர் 1304. டீஃபால்ட் மதிப்பும் இல்லை. 8.0.29-இலிருந்து 'இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடலாம். அதில் போஸ்ட்கிரெஸுக்கு நேர் எதிரான பள்ளம்: பெயரை மட்டும் பார்க்கும். பாராமீட்டரை மாற்றி எழுதி ஓட்டினால், பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று ஒரு வார்னிங்கோடு புதியதை விட்டுவிடும்.

சி அல்லது சி++ மொழியில் எழுதி ஏற்றும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. அவற்றின் இனிட் (தொடக்கப்) பகுதியில் எத்தனை ஆர்குமென்ட் வந்தது, என்ன டைப் என்று பார்த்து, நீங்களே பிரித்து நடத்திக்கொள்ளலாம்.

எஸ்க்யூலைட் ஏன் தனி ரகம்?

அங்கே எஸ்க்யூஎல்லில் ஃபங்ஷன் உருவாக்கவே முடியாது. பைத்தான், சி என்று வெளியிலிருந்துதான் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும்போது எத்தனை ஆர்குமென்ட் என்று சொல்கிறீர்கள். அதே பெயரை வேறு எண்ணிக்கையோடு மறுபடி பதிவு செய்தால் இரண்டும் இருக்கும். எத்தனை வேண்டுமானாலும் வாங்கும் என்பதற்கு -1. குறிப்பிட்ட எண்ணிக்கையோடு ஒன்றும் -1 ஆக ஒன்றும் இருந்தால் குறிப்பிட்டதற்கே முதல் மரியாதை. டைப்பை வைத்துப் பிரிக்க முடியாது, எஸ்க்யூலைட்டில் டைப் மதிப்போடு ஒட்டியது, நெடுவரிசையோடு அல்ல.

அதன் மேக்ஸ் ஃபங்ஷனைப் பாருங்கள். மேக்ஸ்(விலை) என்றால் எல்லா வரிகளையும் சேர்த்துப் பெரியது எது என்று சொல்லும். மேக்ஸ்(விலை, 100) என்றால் ஒவ்வொரு வரியிலும் இரண்டில் பெரியதைச் சொல்லும். ஒரு காற்புள்ளி சேர்ந்ததும் ஓர் அக்ரிகேட் ஃபங்ஷன் சாதாரண ஃபங்ஷனாகிவிடுகிறது.

டிபி2-வில் ஏதாவது கற்றுக்கொள்ள இருக்கிறதா?

'ஸ்பெசிஃபிக்' பெயர். ஓவர்லோடு பண்ணும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பொதுப் பெயரோடு தனக்கே உரிய ஒரு பெயரும் வைக்கலாம், டிராப் பண்ணும்போது அந்தப் பெயரைச் சொன்னால் போதும், டைப் பட்டியலை ஒப்பிக்க வேண்டாம். வீட்டில் கூப்பிடும் பெயரும் பள்ளிப் பதிவேட்டுப் பெயரும் மாதிரி. இந்த வசதி போஸ்ட்கிரெஸில் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஏக்கமே உண்டு.

ஓவர்லோடு நிறைய இருந்தால் குவெரி மெதுவாகுமா?

இல்லை. எதை ஓட்டுவது என்ற முடிவு குவெரியைப் படிக்கும்போது ஒருமுறை எடுக்கப்படுகிறது, வரிக்கு வரி அல்ல.

ஃபங்ஷனுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

போஸ்ட்கிரெஸில் தாராளமாக வைக்கலாம், மேற்கோள்கூட வேண்டாம். ஆனால் பெயருக்கு 63 பைட்தான் இடம். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21 குறிகள். புள்ளியும் கொம்பும் தனிக்குறிகள் என்பதை மறக்காதீர்கள்: 'தள்ளுபடி' நமக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 8 குறி, டேட்டாபேஸுக்கு 24 பைட். நீளமாகப் போனால் ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டு வாலை வெட்டிவிடும். கடைசிச் சொல்லில் மட்டும் வேறுபடும் இரண்டு நீளமான பெயர்கள் வெட்டுப்பட்டு ஒன்றாகி, டைப்கள் வேறாக இருந்தால், நீங்கள் நினைக்காத ஓர் ஓவர்லோடு ரெடி.

எப்போதுதான் ஓவர்லோடு பண்ணலாம்?

அர்த்தம் ஒன்றாக இருந்து, உள்ளே வரும் பொருளின் வடிவம் மட்டும் மாறும்போது. டேட்டுக்கு நிதியாண்டு, டைம்ஸ்டாம்புக்கு நிதியாண்டு, இரண்டும் ஒரே கேள்வி. அங்கேயும் ஒன்றில் கணக்கை எழுதிவிட்டு மற்றது அதையே கூப்பிடும்படி வைத்தால், மாற்றம் வரும்போது ஓர் இடத்தில் கை வைத்தால் போதும். எந்த டைப் வந்தாலும் ஒரே வேலை என்றால் போஸ்ட்கிரெஸில் எனிஎலிமென்ட் போட்டு ஒரே ஃபங்ஷனாக எழுதலாம்.

இன்டீஜருக்கும் பிக்இன்ட்டுக்கும் தனித்தனியாக எழுதுவதை நான் செய்வதில்லை, பிக்இன்ட்டுக்கு மட்டும் எழுதினால் சின்னது தானாக அதில் அடங்கும். இன்டீஜர் கொடுத்தால் வாடிக்கையாளர் எண், டெக்ஸ்ட் கொடுத்தால் கைபேசி எண் என்று அர்த்தத்தையே டைப்பில் ஒளித்து வைப்பது மோசம். யாரோ ஒருநாள் மேற்கோள் போட்டு '1045' என்று அனுப்புவார், வாடிக்கையாளரே இல்லை என்று விடை வரும்.

என் டேட்டாபேஸில் தெரியாமல் உருவான ஓவர்லோடுகள் இருக்கின்றனவா என்று எப்படிப் பார்ப்பது?

போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்க்யூஎல் திறந்து பேக்ஸ்லாஷ் டிஎஃப் அடித்து ஃபங்ஷனின் பெயரைக் கொடுங்கள். எத்தனை வடிவம் இருக்கிறதோ அத்தனையும் ஆர்குமென்ட்களோடு வரும். மொத்தமாகத் தேட, பிஜி_புராக்கை ஸ்கீமா, பெயர் என்று குரூப் பண்ணி, எண்ணிக்கை ஒன்றுக்கு மேல் இருப்பவற்றை எடுங்கள். உங்கள் ஸ்கீமாக்களை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் போஸ்ட்கிரெஸின் சொந்த ஃபங்ஷன்களும், போஸ்ட்ஜிஐஎஸ் மாதிரி எக்ஸ்டென்ஷன் இருந்தால் அதனுடையவையும் வந்து திரையை நிரப்பிவிடும். ஃபங்ஷனின் உள் எண்ணான ஓஐடியை ரெக்புரொசீஜர் என்ற டைப்பாக காஸ்ட் பண்ணினால் டிராப் பண்ணத் தோதாக முழு சிக்னேச்சரும் கிடைக்கும். பெயரை மட்டும் சொல்லி டிராப் பண்ணுவது 10-ஆம் பதிப்பிலிருந்து முடியும், ஆனால் அந்தப் பெயரில் ஒன்றே ஒன்று இருந்தால் மட்டும்.

டிராப் பண்ணுவதற்கு முன்: வியூ ஏதாவது அதை நம்பியிருந்தால் போஸ்ட்கிரெஸ் தடுத்துவிடும். பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் உடம்புக்குள் கூப்பிட்டிருந்தால் தடுக்காது, அந்த எழுத்துக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் பிகின் கொடுத்து டிராப் பண்ணி, அதே டிரான்ஸாக்ஷனுக்குள் அந்தப் பெயரைக் கூப்பிடும் ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பாருங்கள். எதுவும் அலறவில்லை, எண்களும் சரியாக இருக்கின்றன என்றால் கமிட். ஏதாவது இடித்தால் ரோல்பேக், பழைய ஃபங்ஷன் இருந்த இடத்திலேயே இருக்கும்.